சம்ப்புக்காரர் திறந்த வால்வு

மச்சானை வாயால் போகச் சொல்லக் கூடாது, தண்ணீரால்தான் சொல்ல வேண்டும் என்று சம்ப்புக்காரர் ஒரு திங்கட்கிழமை பல் துலக்கிக்கொண்டே முடிவெடுத்தார்.

அவருக்கு அந்தப் பெயரை வைத்தது அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். அவர் வீட்டுக் கூடத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி. அதன் கீழே, மரப் பெட்டிக்குள், இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேலே மீன் நீந்தும், கீழே தண்ணீர் சுத்தமாகும். கீழே இருப்பதற்குத்தான் சம்ப் என்று பெயர். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் மீனைக் காட்ட மாட்டார். மண்டி போட்டு, பெட்டிக் கதவைத் திறந்து, சம்ப்பைத்தான் காட்டுவார்.

"மேலேர்ந்து வடிகுழாய் வழியா தண்ணி இறங்குது. முதல் அறையில இந்தத் துணிப் பை அழுக்கைப் பிடிச்சுக்கும். நடுவுல ஸ்பாஞ்சு. கடைசி அறையில மோட்டார், திரும்ப மேலே அனுப்பிடும். கடைசி அறையில தண்ணி குறைஞ்சா இந்த மிதவை இறங்கும், இறங்கினா புதுத் தண்ணிக் குழாய் தானா திறந்துக்கும். மனுஷனே வேண்டாம்."

கேட்டவர்கள் கையில் காபி ஆறிப்போயிருக்கும்.

"உங்க சம்பளம் பூரா சம்ப்புக்குள்ளதான் போகுது" என்பாள் மனைவி. "பேர்லயே பாதி இருக்கு."

அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு தொலைபேசிக் கம்பெனியில் புகார்ப் பிரிவில் அவருக்கு வேலை. காலையில் காதில் மாட்டும் கருவியை மாலையில்தான் கழற்றுவார். இடையில் ஊர் உலகத்துக் கோபமெல்லாம் அந்தக் காது வழியாக இறங்கும். வீட்டுக்கு வந்ததும் அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வாயைத் திறந்து திறந்து மூடியும் ஒரு வார்த்தை பேசாத ஜீவன்கள். தொட்டிக்கு எதிரே ஒரு பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அது அவருடைய சொர்க்கம்.

அந்தச் சொர்க்கத்துக்குள்தான் மச்சான் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார்.

மச்சான் மனைவிக்கு அண்ணன். சுற்றுலாப் பேருந்தில் மைக் பிடித்து இடங்களை விளக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், பழக்கத்தைக் கொடுக்கவில்லை. அவர் மனைவி காலமான பிறகு பழைய வீட்டில் இருக்க மனசு வராமல் அதை விற்றுவிட்டு, புதிதாக ஒரு அடுக்குமாடி வீடு வாங்கினார். அதில் பூச்சு வேலை முடியவில்லை. முடியும்வரை தங்கை வீட்டுக் கூடம், தங்கை வீட்டுச் சோபா.

மாலையில் சம்ப்புக்காரர் பிரம்பு நாற்காலியில் உட்காருவார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும்.

"மாப்பிள்ளை, உங்க இடது பக்கம் பாருங்க. சிவப்பு வால் உள்ளது இப்போ பாறைக்குப் பின்னாடி போகுது."

"பார்த்தேன் மச்சான்."

"கொஞ்சம் பொறுங்க. வலது பக்கமா வரும்."

வலது பக்கமாக வரும்.

"வந்துடுச்சு பாருங்க. இதே மாதிரி ஒரு தடவை மலைப் பாதையில வண்டி நின்னுபோச்சு..."

மலைப் பாதையில் நின்ற வண்டி இரவுச் சாப்பாடு வரை கிளம்பாது.

போகச் சொல்லவும் முடியாது. மனைவியை இழந்த மனுஷர். தங்கமானவர். காய் நறுக்கிக் கொடுப்பார், துணி மடித்து வைப்பார். அப்படிப்பட்டவரைத் தானாகக் கிளம்ப வைப்பதற்குச் சம்ப்புக்காரரிடம் ஒரே ஒரு ஆயுதம் இருந்தது. வடிகுழாயின் வால்வு.

அந்த வால்வை அளவாக மூடி வைத்தால் குழாய் நிறையத் தண்ணீர் மட்டும் இறங்கும். மூச்சுச் சத்தம்கூட வராது. அளவுக்கு மேல் திறந்துவிட்டால் தண்ணீரோடு காற்றும் இறங்கும். அப்புறம் களக் களக், களக் களக் என்று யாரோ தொண்டையில் தண்ணீர் வைத்துக் கொப்பளிப்பது போல் ஓயாமல் கேட்கும். தொட்டிக்கும் சோபாவுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் ஒரு மோடாதான் போட முடியும்.

மச்சான் குளிக்கப் போன நேரம் பார்த்து அவர் தொட்டிக்குக் கீழே மரப் பெட்டிக்குள் தலையை விட்டார். வால்வைத் திருகினார். குழாய் கொப்பளிக்க ஆரம்பித்தது.

உள்ளறையில் மனைவி ஒரு ரவிக்கைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். அவள் வீட்டிலேயே தையல் எடுப்பவள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க அது சத்தம்?"

"காத்துப் பிடிச்சிருக்கு. சம்ப்புன்னா அப்படித்தான். சில நாள் இப்படித்தான் இருக்கும்."

"சரி பண்ண முடியாதா?"

"இது தண்ணி அழுத்தம் சம்பந்தப்பட்டது. உனக்குச் சொன்னாப் புரியாது."

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். "எனக்கு எதுக்குங்க? உங்க சம்ப்புக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். அதோடு விட்டுவிட்டாள். அவள் அவ்வளவு சீக்கிரம் எதையும் விடுகிறவள் இல்லை என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மறுநாள் காலை அவர் ஆவலோடு கூடத்துக்கு வந்தார். கண் சிவந்து, தலை கலைந்து, பெட்டி கட்டும் மச்சானை எதிர்பார்த்தார். மச்சான் சவரம் செய்து, தலை வாரி, செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். முகம் துடைத்து வைத்த பித்தளைச் செம்பு மாதிரி பளபளத்தது.

"தூக்கம் எப்படி மச்சான்?" என்று கேட்டார், கவலைப்படுகிற குரலில்.

மச்சான் செய்தித்தாளை மடித்தார்.

"மாப்பிள்ளை, உண்மையைச் சொல்லட்டுமா? உங்க தங்கச்சி போனதுக்கு அப்புறம் நான் முழுசாத் தூங்கினது நேத்துதான்."

'உங்க தங்கச்சி' என்று அவர் சொன்னது இறந்துபோன தன் மனைவியை.

"அவளுக்குத் தூக்கத்துல பேசுற பழக்கம். ஒரு வார்த்தை புரியாது. கொழ கொழன்னு ஏதோ சொல்லிட்டே இருப்பா. எத்தனை வருஷம் அதைக் கேட்டுக்கிட்டே தூங்கியிருக்கேன். அவ போனப்புறம் அமைதியா இருந்தாலே முழிப்பு வந்துடும். நேத்து அந்தக் குழாய்ச் சத்தம் கேட்டுது பாருங்க. யாரோ பக்கத்துல இருக்கிற மாதிரி இருந்துச்சு."

சம்ப்புக்காரர் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றார். நாள் பூராவும் ஊரார் திட்டுவதைக் கேட்டும் உறைக்காத மனுஷர் அவர். இது உறைத்தது.

ஆனாலும் மனித மனம். அடுத்த நாள் மாலை அவர் வால்வை மறுபடி அளவாக மூடிப் பார்த்தார். மறுநாள் காலையில் மச்சான் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு உட்கார்ந்திருந்தார். ஒரு மீனைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. "என்ன மாப்பிள்ளை, ஊமையாயிடுச்சு?" என்று மட்டும் கேட்டார். குழாயைப் பற்றித்தான் கேட்டார். அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் சம்ப்புக்காரர் குனிந்து, யாரும் சொல்லாமலே, வால்வைப் பழையபடி திறந்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அதை மூடவே இல்லை.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. முன்பெல்லாம் துணிப் பையை அவர் தவறாமல் கழற்றித் துவைப்பார். இப்போது பெட்டிக் கதவைத் திறந்தாலே மச்சானும் பக்கத்தில் மண்டி போட்டார். "இது என்ன, அது என்ன, இந்த வால்வு எதுக்கு?" வால்வு என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று கதவைச் சாத்திவிடுவார். மறுநாளும் அதே கதை. பையில் அழுக்கு ஏறிக்கொண்டே போனது.

ஒரு நாள் மதியம் அலுவலகத்தில் அவர் காதில் அழைப்பு மணி அடித்தது.

"வணக்கம். புகார்ப் பிரிவு. உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். என்ன பிரச்சினை?"

"வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு" என்றது ஒரு பெண் குரல்.

"மன்னிக்கணும் அம்மா, இது தொலைபேசி சம்பந்தப்பட்ட புகார்கள் மட்டும்..."

"தொலைபேசி சம்பந்தப்பட்டதுதாங்க. உங்க கைப்பேசிக்கு எத்தனை தடவை அடிக்கிறது? அதான் இந்த நம்பருக்கு வந்தேன். நான்தான் பேசறேன்."

அவர் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு ஓடினார்.

கூடம் குளமாகியிருந்தது. சோபாவின் மேல் கால்களை மடக்கி வைத்துக்கொண்டு மச்சான் உட்கார்ந்திருந்தார். "மாப்பிள்ளை, பார்த்து வாங்க. வலது பக்கம் ஆழம் அதிகம்" என்று வழி சொன்னார். அவருடைய பெட்டிகள் சாப்பாட்டு மேஜைமேல் ஏறியிருந்தன. மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சம்ப் இருந்த மரப் பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள்.

"மோட்டாரை நிறுத்து முதல்ல" என்றார் அவர்.

"நிறுத்தி எவ்வளவு நேரமாச்சு. பையும் துவைச்சு மாட்டியாச்சு."

"என்ன ஆச்சு?"

"பை அடைச்சுக்கிச்சு. தண்ணி பை மேலேயே வழிஞ்சு அழுக்கோட போய் ஸ்பாஞ்சையும் அடைச்சிடுச்சு. முதல் அறையில தேங்கிப்போச்சு, கடைசி அறைக்குப் போகலை. அங்க தண்ணி குறைஞ்சதும் உங்க மிதவை புதுத் தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டுடுச்சு. திறந்தது திறந்தபடியே. முதல் அறை வழியாம என்ன பண்ணும்?"

அவர் வாய் பிளந்தபடி நின்றார். தொட்டிக்குள் மீன்களும் அப்படியே நின்றன. நல்லவேளை, அவற்றில் ஒன்றுக்கும் ஆபத்தில்லை.

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"வீட்டுக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றீங்களே. எனக்கும் காது இருக்கு."

மூவரும் துடைத்துப் பிழிந்து முடிக்கவே வெகு நேரமாயிற்று. பிறகு அவள் அவரைச் சமையலறைக்கு வரச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அந்த வால்வு ஏன் அவ்வளவு திறந்திருக்கு?"

"அது... தண்ணி அழுத்தம்..."

"அண்ணன் குளிக்கப் போனாரு, நீங்க பெட்டிக்குள்ள தலையை விட்டீங்க, சத்தம் வந்துச்சு. எனக்கு அன்னிக்கே தெரியும்."

அவர் அடுப்பு மேடையைப் பார்த்தார். "தப்புதான். அவரைக் கிளப்பணும்னுதான் திறந்தேன். அப்புறம் அவர் தூங்கட்டும்னு திறந்தே வச்சேன். நம்பினா நம்பு."

"நம்பறேன்" என்றாள் அவள். ஒரு கணம் அவள் முகம் இளகியது. அந்த ஒரு கணத்தில் அவர் தப்பித்துவிட்டதாக நினைத்தார். "வாங்க, அண்ணன்கிட்ட சொல்லிடலாம்."

"ஐயையோ, எதுக்கும்மா?"

அவள் அதற்குள் கூடத்துக்குப் போய்விட்டாள். அவர் பின்னாலேயே போனார், தலைமை ஆசிரியர் அறைக்குப் போகும் பையனைப் போல.

"அண்ணா, அந்தக் குழாய் தானா சத்தம் போடலை. இவர்தான் வால்வைத் திறந்து வச்சிருந்தார்."

சம்ப்புக்காரர் வாசல் கதவைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தூக்கம் வரணும்னுதான். யார்கிட்டயும் சொல்லாதேன்னுட்டார்."

மச்சான் மெதுவாக எழுந்து வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் மைக்கில் பேசிய மனுஷருக்குப் பேச்சு வரவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"இன்னொன்னும் சொல்லிட்டிருந்தார்ண்ணா. புது வீட்டுக்குப் போனா அங்க அமைதியா இருக்குமே, மச்சான் எப்படித் தூங்குவார்னு. அதனால இந்தத் தொட்டியை உங்களுக்கே குடுத்துடலாம்னு."

சம்ப்புக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் பிழிந்த துணியை உதறிக்கொண்டிருந்தாள். கையை விடுவித்துக்கொண்டு இல்லை என்று சொல்ல ஒரு வழி இருந்தால் சொல்லியிருப்பார். மச்சான் கையை விடவில்லை.

"ஆமாம் மச்சான்" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

சில வாரங்களில் பூச்சு வேலை முடிந்தது. மச்சான் போனார், பெட்டிகள் போயின, தொட்டி போனது, சம்ப் போனது, சிவப்பு வால் போனது. பை அடைத்தால் என்ன ஆகும் என்று மச்சானுக்குத் தெரியும். ஆனால் அதைத் துவைக்க மாப்பிள்ளை கைதான் வேண்டும் என்று ஞாயிறு தவறாமல் அழைப்பு வரும். அவரும் போவார். அங்கே குழாய் களக் களக் என்னும். மச்சான் பக்கத்தில் மண்டி போட்டு, உங்க இடது பக்கம் பாருங்க என்பார். மச்சானைப் பார்த்தால் அவருக்குப் பாவமாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அவர் மனைவியைக் கேட்டார். "நீயும் வாயேன். உன் அண்ணன்தானே."

அவள் வாசல் வரை வந்து, அவர் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள்.

"இல்லைங்க, நீங்க போயிட்டு வாங்க. குழாய், அண்ணன், நீங்க, மூணு பேச்சும் ஒரே வீட்டுல போய்ச் சேர்ந்திருக்கு. நான் இங்க கொஞ்ச நேரம் நிம்மதியா உட்கார்றேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.