பாகுச்சட்டியும் மாப்பிள்ளை சொன்ன இருமையும்

மொனராகலையில் பௌதிகவியல் ஆசிரியராகச் சிறப்புடன் கடமையாற்றும் அன்பு மாப்பிள்ளை கிரிஷாந்தன் அவர்களுக்கு,

பதுளையிலிருந்து மாமா ராமாமிர்தம் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. உங்களுக்கும், ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள் துஷ்யந்திக்கும் முருகன் துணை. இங்கே நாங்கள் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நான் நலமா இல்லையா என்பதில்தான் உங்கள் மாமிக்கும் எனக்கும் சண்டை. அதைத் தொடக்கி வைத்தவர் நீங்கள் என்பதால் தீர்த்து வைக்கும் பொறுப்பும் உங்களுடையது.

போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது கரண்ட் போனது நினைவிருக்கும். டோர்ச்சை அடித்துக்கொண்டு சொன்னீர்கள்: வெளிச்சம் ஒரு சோதனையில் அலை மாதிரி நடக்கும், இன்னொரு சோதனையில் துகள் மாதிரி நடக்கும், எப்படிப் பார்க்கிறோமோ அப்படித் தெரியும், இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது, ஆனால் பொருள் ஒன்றுதான், இதற்கு விஞ்ஞானத்தில் இருமை என்று பெயர். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். எனக்கோ புல்லரித்துப் போய்விட்டது மாப்பிள்ளை. இத்தனை வருடமாக நான் செய்துகொண்டிருப்பதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டதே!

என் நிலைமை உங்களுக்குத் தெரியும். மிட்டாய்க்கடைக்காரனுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. பாகு காய்ச்சினால் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், லட்டு பிடித்தால் ஒன்றை வாயில் போட்டுப் பார்க்க வேண்டும், அது தொழில். காலையில் வெறும் வயிற்றில், துஷ்யந்தி வாங்கித் தந்த மெஷினில் விரலைக் குத்தினால் நான் தங்கமான மனிதன். கிளினிக்கில் மூன்று மாதச் சீனியையும் சேர்த்துக் காட்டும் இரத்தப் பரிசோதனை செய்தாலோ, டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். ஆள் ஒன்று, சோதனை இரண்டு, விடையும் இரண்டு. இது இருமை இல்லாமல் வேறென்ன? இந்தச் சந்தோஷத்தில் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோதுதான் உங்கள் மாமி உள்ளே வந்தாள்.

"ஏங்க, வாயில என்ன?"

"வேலை."

"வேலை மஞ்சளா இருக்கு. முந்திரிப்பருப்பு வேற தெரியுது."

"நீ பாக்குறதால லட்டு. நான் பாக்குறப்ப வேலை. மாப்பிள்ளை சொன்னாருல்ல, இருமைன்னு?"

"சரி, இப்ப நான்தானே பாக்குறேன். துப்புங்க."

துப்பினேன். அதோடு விட்டாளா? அன்றைக்கே என்னைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, அடுப்படியில் உதவிக்கு நிற்கும் முத்தையாவிடம் பாகுச்சட்டியை ஒப்படைத்துவிட்டாள். அதுவும் தீபாவளி நெருங்கும் நேரத்தில்! என் அப்பா எனக்குக் கையில் கொடுத்த கரண்டி மாப்பிள்ளை அது. மணத்தை மட்டும் முகர்ந்துகொண்டு மிச்சச் சில்லறை கொடுக்கிறேன். அழுகை வருகிறது, உங்களிடம் மறைக்கவில்லை.

இதற்குள் உங்கள் இருமை பஜார் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியவன் நான்தான், வேறு யார்? பக்கத்துக் குடைக்கடை ஹபீஸ் என் ஏணியை வாங்கிப்போய் எவ்வளவோ நாளாகிறது. கேட்டால், "ஏணி என் கடையிலயும் இருக்கு, உங்க கடையிலயும் இருக்கு மொதலாளி, நீங்கதானே சொன்னீங்க" என்கிறார். முத்தையா பஸ்ஸைத் தவறவிட்டு வந்து நின்றுகொண்டு, "தோட்டத்து லயத்து வீட்டுலருந்து கெளம்புனதப் பாத்தா நான் நேரத்துக்கு வந்த ஆளு மொதலாளி, கடை மணியப் பாத்தாத்தான் லேட்டு" என்கிறான். பொறுக்க முடியாமல் துஷ்யந்திக்குப் போன் போட்டேன். உங்கள் பெண்டாட்டி உங்களுக்கு மேல் ஒரு வாத்தியார்.

"அப்பா, ஆளாளுக்கு ஒண்ணச் சொல்லித் தப்பிக்கிறதுக்குப் பேரு இருமை இல்ல. ஒரே பொருள முழுசாச் சொல்லணும்னா ரெண்டு விவரமும் வேணும். ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டு மத்தத மறைக்கக் கூடாது. மெஷின் சொல்றதும் நீங்கதான், கிளினிக்ல சொல்றதும் நீங்கதான்" என்றாள். பிறகு குரலை இறக்கி, "பிள்ளைக்குத் தாத்தா வேணும்ப்பா" என்றாள்.

ஆனாலும் தொழில் தொழில்தானே? கொஸ்லந்தவில் ஒரு தோட்டத்துக் கோயிலுக்கு, பாகுப் பதம் பார்க்கத் தெரியாத முத்தையா பிடித்த லட்டு போனது. வேன் அத்தனை வளைவையும் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்குள் லட்டு என்று ஒன்றுமே இல்லையாம். மேலே பூந்தி தனித்தனியாக உதிர்ந்து கிடக்கிறது, அடியில் பாகு தளும்புகிறது. துகள் வேறு, அலை வேறு! இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்று நீங்கள் சொன்னீர்கள், கோயில் தலைவர் பார்த்துவிட்டார். அவர் போனில் சொன்ன வார்த்தைகளை ஓர் ஆசிரியருக்கு எழுத முடியாது.

ஆகவே உங்களிடம் என் விண்ணப்பம் இதுதான். ஒரு மனிதன் சீனி வருத்தக்காரனாகவும் லட்டு மாஸ்டராகவும் இருப்பதில் விஞ்ஞானத்துக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்று மாமிக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள், முடிந்தால் ஒரு படமும் வரைந்து. "சட்டியா, பேரப்பிள்ளையா, ஒண்ணச் சொல்லுங்க" என்று நிற்கிறாள். எனக்கு இரண்டும் வேண்டும் மாப்பிள்ளை. சட்டி இல்லாமல் நான் யார்? பேரப்பிள்ளையைத் தூக்காமல் இந்தக் கை எதற்கு?

வளைகாப்புக்கு முன் நல்ல பதில் வரட்டும். உங்களுக்கும் மகளுக்கும், இன்னும் முகம் காட்டாத அந்தச் சின்ன ஆளுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
கல்லாவில் சிறையிருக்கும் மாமா,
ராமாமிர்தம்

பி.கு.: மேலே எழுதிய எதையும் கவனிக்க வேண்டாம். இதைத் தபாலில் போடுவதற்குள் உங்கள் மாமி எடுத்து முழுவதையும் படித்துவிட்டாள். என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய், ஒரு சொட்டுப் பாகை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்தாள். கம்பி மாதிரி நீண்டு வந்தது. "உங்க அப்பா இப்பிடித்தானே பதம் பாப்பாரு? அவரு நாக்குல வச்சு நான் பாத்ததே இல்லையே?" என்றாள். நாக்கு எப்படி இந்தத் தொழிலுக்குள் நுழைந்தது என்று எனக்கே விளங்கவில்லை. இப்போது என் வாயில் ஒரு துணியைக் கட்டிவிட்டுச் சட்டியைத் திருப்பித் தந்திருக்கிறாள். கொஸ்லந்தக் கோயிலுக்கு நான் மறுபடி பிடித்து அனுப்பிய லட்டும் இந்தத் தடவை உருண்டையாகவே போய்ச் சேர்ந்தது. விஞ்ஞானம் வேண்டாம், விரல் போதும். வளைகாப்புக்கு நான் வருகிறேன், ஒரு பெட்டி லட்டும் வருகிறது. பஸ்ஸில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது, பெட்டியோ என் மடியில் இருக்கும். அதனால் வந்து சேர்ந்ததும் தயவுசெய்து யாரும் எண்ணிப் பார்க்க வேண்டாம். எண்ணாதவரைக்கும் அது முழுப் பெட்டி.