கம்பி பாயும் மிராசு வீட்டு ஒயரும்

கம்பி பாயிடம் திட்டு வாங்காமல் ஒரு முழம் ஒயர் வாங்கியவர் நீடாமங்கலத்தில் ஒருத்தர்கூடக் கிடையாது. எம்.எல்.ஏ. வாங்கியிருக்கிறார், ஒயரும் வாங்கியிருக்கிறார், திட்டும் வாங்கியிருக்கிறார். பள்ளிவாசல் முத்தவல்லி, கோயில் தர்மகர்த்தா, ஸ்டேஷன் மாஸ்டர் எல்லோருக்கும் ஒரே அளவுதான். சமத்துவம் சமத்துவம் என்று மேடை போட்டு முழங்கிய இரண்டு கட்சிக்காரர்களும் அதைக் கண்ணால் பார்த்தது அவர் கடை வாசலில்தான்.

அவரை இப்போது நினைக்கக் காரணம், போன வாரம் தஞ்சாவூரில் ஒரு பளபளப்பான கடையில் எனக்கு வந்த கோபம். வீட்டு ஸ்டீரியோவுக்கு ஸ்பீக்கர் ஒயர் கேட்டேன். கழுத்தில் டை கட்டிய ஒருத்தர் நகைப்பெட்டி மாதிரி ஒரு வெல்வெட் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"இதப் போட்டா பாடுறவங்க மூச்சு விடறதுகூடக் கேக்கும் சார்."

"உள்ள செம்பா, அலுமினியமா?"

"இம்போர்ட்டட் சார்."

"நான் ஊரைக் கேக்கல. உலோகத்தைக் கேக்கறேன். ஒரு பிளேடு குடுங்க, சுரண்டிப் பாத்துடுவோம்."

அவர் இரண்டடி பின்னால் போய் மானேஜரைக் கூப்பிட்டார். நான் போட்ட சத்தத்தில் ஏசி குளிரே குறைந்துவிட்டது. வெளியே வந்த பிறகுதான் உறைத்தது, அது என் குரல் இல்லை. கம்பி பாயின் குரல்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் நீடாமங்கலத்தில் வருவாய்த்துறை குமாஸ்தா. பாயின் கடை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். நீடாமங்கலம் கேட்டைப் போட்டால் எப்போது திறப்பார்கள் என்பது ஆண்டவனுக்கும் தெரியாது. பஸ்ஸில் காத்திருக்கிறவர்களுக்கு அவர் திட்டுதான் பொழுதுபோக்கு. திறந்த பிறகும் "இருங்க, முடிச்சிரட்டும்" என்று நின்ற டிரைவரை நான் பார்த்திருக்கிறேன்.

பேர் வந்த கதை எளிது. யாராவது வேறு கடையில் வாங்கிய ஒயரைக் கொண்டுவந்தால் பாய் அதன் நுனியை உரித்து அவர் கையிலேயே கொடுப்பார். "எண்ணு. உள்ள எத்தன கம்பி?" அவர் எண்ணுவார். "பதினாலு பாய்." "நாப்பது கம்பின்னு சொல்லி வித்திருக்கான். அவன கம்பி எண்ண வைக்கிறதுக்கு முன்னாடி உன்ன எண்ண வைக்கணும்!" இப்படி ஊரையே கம்பி எண்ண வைத்தவர், ஆகவே கம்பி பாய்.

குவைத்திலிருந்து வந்த என் அக்கா வீட்டுக்காரர் ஒரு ஆம்ப்ளிபையர், டேப் டெக், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி கொண்டுவந்து என் வாடகை அறையில் இறக்கிவிட்டுப் போனார். வைக்க இடமில்லாமல் என் கோரைப்பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினேன். காலிங் பெல்லுக்கு இழுக்கிற ஒற்றைக் கம்பி ஒயரை மாட்டினேன். பாட்டு வந்தது. தபேலாவைத்தான் காணோம். யாரோ பக்கத்து வீட்டில் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

பாயிடம் போய் நல்ல ஒயர் கேட்டேன்.

"ரூம் என்ன அளவு?"

"ஒயர்தான் பாய் கேட்டேன்."

"நான் ரூமக் கேட்டேன்."

கடையை அப்படியே போட்டுவிட்டு என்னோடு வந்தார். பாயிடம் ஒரு குணம், கோபம் ஏற ஏற மரியாதை இறங்கும். படியேறும்போது "வாங்க தம்பி" என்றார். கதவைத் திறந்ததும் "என்ன தம்பி இது" ஆனது. பெல் ஒயரைப் பார்த்ததும் "அடப்பாவி!"

"யானை மாதிரி செட்டு. அதுக்கு நூல்ல சங்கிலி போட்டிருக்கியே! இந்தா பாரு, இந்தப் பொட்டி மூச்ச வெளிய விடுது. அந்தப் பொட்டி உள்ள இழுக்குது. ஒயர மாத்திக் குடுத்திருக்க. ரெண்டும் சண்டை போட்டா தபேலா எங்கேந்து கேக்கும்? அப்புறம் இதக் கரண்ட் ஒயரோட சேத்துக் கட்டி வச்சிருக்க. முனகாம என்ன செய்யும்?"

கையால் முழம் போட்டு அளந்தார். பன்னிரண்டு அடிக்கு நாற்பது கம்பி செம்பு போதும் என்றார். இரண்டு பெட்டிக்கும் ஒரே நீளம், சிவப்புக் கோடு போட்ட பக்கம் சிவப்பு முனையில், டெக்கிலிருந்து ஆம்புக்கு மட்டும் மேலே வலை சுற்றிய ஒயர், அதுவும் குட்டையாக. முறுக்கிவிட்டு டேப் ஒட்டக் கூடாது, ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். மாட்டிப் பாட்டைப் போட்டதும் தபேலா அறைக்குள் வந்து உட்கார்ந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "நல்லா இருக்கு பாய்" என்றேன். "இத்தன நாளு எப்படிக் கேட்டே?" என்று அதற்கும் திட்டிவிட்டுப் போனார்.

மட்டமான ஒயர்மேல் இருந்த அதே கோபம் அவருக்கு ஆடம்பர ஒயர்மேலும் இருந்தது. துபாய்க்காரர் ஒருத்தர் தங்கமுலாம் பூசிய ஒயர் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "கழுத்துல போடவா, காதுல கேக்கவா?" என்று சீறினார். அரசியல்வாதிகள் கூட்டத்துக்கு மைக் ஒயர் வாங்க வந்தால், "ரெண்டு கட்சிக்கும் ஒரே செம்புதான் குடுக்கறேன். கோளாறு ஒயர்ல இல்ல" என்பார்.

இப்போது மிராசுதார் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அந்த நாளில் எங்கள் பக்கம் ஒவ்வொரு அறுவடையும் கூலித் தகராறில்தான் தொடங்கும், போலீஸ் வேனில்தான் முடியும். நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்தது. சட்டத்தில் ஏக்கர் குறையக் குறைய மிராசுதார் வீட்டு மாட்டுக்காரன் பேரில் ஏக்கர் ஏறியது. மாட்டுக்காரனுக்கு மட்டும் அது தெரியாது. பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரிய மிராசு தன் நிலத்தைப் பாதிக்குமேல் இப்படித் தன் பண்ணையாட்களுக்கு விற்றதாகப் பத்திரம் முடித்துவைத்திருந்தார். அது உண்மையா என்று கிராமத்திலேயே விசாரணை. பேர்களைப் படிக்க வேண்டும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் விற்றது விற்றதுதான், அரசாங்கம் எடுக்க நிலமே இருக்காது.

படிக்கிற குமாஸ்தா நான்.

மிராசு வீட்டு எதிரே களத்தில் பந்தல். மைக் செட் உபயம் மிராசு. இரண்டு குழாய் ஸ்பீக்கர். ஒன்று முன்னால், தாசில்தாருக்கும் மிராசின் ஆட்களுக்கும் நேராக. இன்னொன்று தூரத்தில் வாய்க்கால் கரையில். கூலிக்காரர்களை அங்கேதான் நிறுத்திவைத்திருந்தார்கள். நான் படிக்க ஆரம்பித்தேன். முன் குழாய் கணீரென்றது. கரைக் குழாய், எண்ணெய்ச் சட்டியில் கடுகு போட்ட மாதிரி பொரிந்தது.

அந்தப் பொரிச்சல் எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. தாசில்தார் குனிந்து, "வேகமாப் படிங்க. படிச்சாச்சு, ஆட்சேபணை இல்லன்னு எழுதிட்டுக் கிளம்பலாம்" என்றார். என் வேலை நிரந்தரமாகாத நேரம். வேகமாகப் படித்தேன். இத்தனை வருஷம் கழித்தும் என்மேல் எனக்கு ஆறாத கோபம் அதுதான்.

அன்றைக்குப் பார்த்து மிராசு வீட்டு ஹாலில் கம்பி பாய் இருந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்த ஸ்டீரியோவுக்கு ஒயர் இழுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மிராசுக்கு எதுவும் முழுசாக வேண்டும் என்பதால் ஒரு சுருள் செம்பு ஒயரை அப்படியே வாங்கியிருந்தார். நான் நாலாவது பேரைப் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள்ளிருந்து ஒரு கத்தல்.

"எவன்யா அது! எவன்யா அந்தக் குழாய்க்கு ஒயர் இழுத்தவன்!"

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய் ஓடிவந்தார். பந்தலில் யாரையும் பார்க்கவில்லை. நேரே கரைக் குழாய்க்குப் போகிற ஒயரைப் பிடித்தார். நாலு இடத்தில் வெறுமனே முறுக்கிவிட்ட ஒட்டு. சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வைத்தார். டப்பென்று ஒட்டியது.

"இரும்பு! துருப்பிடிச்ச வேலிக்கம்பி!" என்று காந்தத்தோடு ஒயரைத் தூக்கிக் காட்டினார். குறட்டால் ஒரே வெட்டு. என் பக்கம் திரும்பினார். "ஏன்டா, இந்தக் கரகரப்புலயா படிச்சிட்டிருந்தே? உனக்குக் காது இல்ல? அன்னைக்குத் தபேலா கேக்கலன்னு ஓடி வந்தியே!"

நான் கையிலிருந்த பட்டியலை மடித்தேன்.

பாய் ஹாலுக்குள் போய்ச் சுருளைத் தூக்கிவந்து களத்தின் குறுக்கே உருட்டிவிட்டார். மிராசு எழுந்தார். "பாய், அது என் ஹாலுக்கு வாங்கின ஒயர்."

"உங்க ஹாலுக்கு முப்பதடி போதும். மிச்சத்த என்ன செய்வீங்க, வேட்டி காயப்போடுவீங்களா?"

"கவர்மென்ட் விசாரணை நடக்குது, தெரியுதா?"

"தெரியுது. கேக்கலையே!"

முனைகளைச் சீவி, முறுக்கி, குழாயின் திருகில் இறுக்கினார். ஐந்து நிமிஷம் யாரும் அவரைத் தொடவில்லை. கையில் குறடு இருந்தது ஒரு காரணம். பிறகு மைக்கைத் தட்டி, "மொதல்லேந்து படி" என்றார். தாசில்தார் என்னைப் பார்த்தார். நான் தாசில்தாரைப் பார்க்கவில்லை. முதலிலிருந்து படித்தேன்.

"நஞ்சை மூன்று ஏக்கர். கிரயம் பெற்றவர் அஞ்சலை."

கரையில் ஒரு பெண்ணின் குரல். "ஏ, யாரு? நானா?"

"சத்தம் போடாதீங்க" என்றார் தாசில்தார்.

"மூணு ஏக்கரா? எம் பேர்லயா? முந்தாநாளு அந்த வயல்ல நட்டுட்டுக் கூலி பத்தலன்னு நின்னேனே, நான் எங்கிட்டயேவா கூலி கேட்டேன்?"

கரை முழுக்கச் சிரித்தது. அடுத்த பேரைப் படித்தேன். "அவரு செத்து மூணு வருஷமாச்சு!" என்றார்கள். அதற்கடுத்த பேர்க்காரன் மிராசுக்குப் பின்னால் விசிறியோடு நின்றிருந்தான். விசிறி நின்றுவிட்டது. சிரிப்பு ஓய்ந்து, வேறு மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. சாயங்காலம் வரை ஆட்சேபணை எழுதினேன். கை வீங்கிப்போனது. அதைவிட நல்ல வேலை அரசாங்கத்தில் நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் காலை பாயைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. ஒயரைத் திருடிவிட்டாராம்! கம்பி பாய் கம்பி எண்ணுகிறார் என்று கடைத்தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடினேன். உள்ளே பாய் இன்ஸ்பெக்டரைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார். "ஸ்டேஷன் மெயின் ஒயர் கருகி நிக்குது, தொட்டா சாவீங்க. திருடனப் புடிக்க வந்துட்டீங்களா!"

கொஞ்ச நேரத்தில் அஞ்சலை வந்தாள். பின்னால் ஒரு தெருவே வந்தது. அவள் தலையில் அந்தச் சுருள். களத்திலிருந்து ஓரடி விடாமல் சுற்றி எடுத்துவந்திருந்தாள். "திருடு போன ஒயரு இதான். அளந்துக்குங்க, விட்டுருங்க" என்று மேஜைமேல் வைத்தாள்.

பாய் கம்பிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "மடக்கி மடக்கிச் சுத்தியிருக்கியே! உள்ள கம்பி ஒடையாதா? வட்டமாச் சுத்தணும்னு தெரியாது?"

"ஒங்கள வெளிய எடுக்க வந்தா என்னையத் திட்டுறீயளே பாயி!" என்றாள் அவள். இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு அடக்க முடியவில்லை. காணாமல் போன பொருளே வந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்.

இத்தோடு நியாயம் ஜெயித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். மிராசு கோர்ட்டில் தடை வாங்கினார். ஃபைல் தூங்கியது. ஆட்சி மாறியது, ஃபைல் புரண்டு படுத்தது. அஞ்சலை கைக்குக் கொஞ்சம் நிலம் வந்தபோது அவளுக்குக் குனிந்து நாற்று நட முடியாத வயசு. மிராசுதார்கள் எல்லாம் பாய் கடையை விட்டுவிட்டுத் தஞ்சாவூரில் ஒயர் வாங்கினார்கள். "செம்பு தப்பிச்சுது" என்றார் பாய். ஆனால் கடையில் சரக்கு குறைந்துகொண்டே வந்ததை நான் பார்த்தேன்.

எனக்குப் பூதலூருக்கு மாற்றல் போட்டார்கள். கிளம்புவதற்கு முன் கேட்டேன். "அன்னைக்கு நிலத்துக்காகத்தானே பாய் அப்படிச் செஞ்சீங்க?"

"நிலமா? போய்யா. இரும்புக் கம்பியப் போட்டு ஊரை ஏமாத்துறான், பாத்துட்டு நிப்பேனா?" என்று எரிந்து விழுந்தார். ஒரு ஒயரை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். "கரையில நின்னவங்க அத்தன பேரும் காதுல கையக் குவிச்சுக்கிட்டு நின்னாங்க. நீ பாக்கல" என்றார்.

என்னை வழியனுப்ப ரயில்வே ஸ்டேஷனுக்கு வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வந்ததும் என் ஸ்பீக்கர் பெட்டிகளை ஜன்னலோரம் வைத்ததற்குத் திட்டினார். வெயில்படும் என்றார். பூதலூரில் கரண்ட் ஏறி இறங்கும், கண்டவன் பேச்சைக் கேட்டு ஒயரை மாற்றாதே என்றார். வண்டி கிளம்பிவிட்டது. கூடவே நடந்துவந்தார், விரலை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். என்ஜின் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. அந்தக் கடைசித் திட்டு என்னவென்று தெரிந்துகொள்ள இப்போதும் எனக்கு ஆசையாக இருக்கிறது.