பள்ளிக்கூடம் கேட்டு எடுத்த இணைப்பு

சாவகச்சேரி,
புதன்கிழமை.

கர்த்தருக்குள் மிகுந்த அன்புக்குரிய மருமகள் ரேச்சலுக்கு, மாமா சிமியோன் வெட்கத்தோடும் துக்கத்தோடும் எழுதிக்கொள்வது. நீரும் உமது புதுக் கணவர் ஜஸ்ரினும் மெல்பேணில் ஆண்டவர் கிருபையால் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இவ்விடம் நானும் சுகம். உமது தாயாரும் சுகம் என்றே ஊகிக்கிறேன். ஊகிக்கிறேன் என்று எழுதக் காரணம், அக்கா என்னோடு ஒரு வார்த்தை கதைத்து இன்றோடு பதினொரு நாள்.

உமது கலியாணத்துக்கு வர அக்காவுக்கு விசா குடுக்கேல்லை எண்ட கடிதம் வந்த அண்டைக்கு, "கவலைப்படாதையுங்கோ அக்கா, வீட்டிலை இருந்தபடி பெரிய ரீவியிலை நேரடியாப் பாக்கலாம், அது என்ரை பொறுப்பு" எண்டு சொன்னவன் நான்தான். பெத்தது ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையின்ரை கலியாணத்தைத் தாய் பாக்கேலாமல் பண்ணினவனும் நான்தான். எப்பிடி நடந்தது எண்டதை ஒளிக்காமல் எழுதுறன், வாசிச்சுப்போட்டு என்னை என்ன செய்யிறதெண்டு நீரே முடிவெடும்.

முப்பத்திநாலு வருசம் அரசாங்கக் கச்சேரியிலை எழுதுவினைஞனா இருந்தவன் நான். வீடு கூட்டுற ஒரு தும்புத்தடி வாங்கிறதெண்டாலும் விலைமனுக் கேட்டு, பைல் கட்டிக் கோவை திறந்து, ஒழுங்காத்தான் வாங்குவன். ரீவியும் இன்ரநெற்றும் சேந்த பொதி எடுக்கிறதுக்கும் அப்பிடித்தான் ரண்டு கொம்பனிக்காரரைக் கூப்பிட்டு, முன்விறாந்தையிலை இருத்தி, ஒவ்வொருத்தனா விசாரிச்சன். ஒருத்தன் எமில்ராஜ். தெருக் கம்பத்திலை இருந்து வயர் இழுத்து வீட்டுக்குள்ளை கொண்டு வாற இணைப்பு அவன்ரை. மற்றவன் சுஜீவன். அவன்ரைக்கு வயரே இல்லை. கூரையிலை ஒரு டிஷ் வைச்சு ரீவி, மேசையிலை ஒரு றூட்டர் பெட்டி வைச்சு இன்ரநெற், அது காத்திலை இருந்து எடுக்குமாம். சனல் எத்தினை, வேகம் எவ்வளவு, பழுதெண்டா எத்தினை நாளிலை வருவியள் எண்டு எல்லாத்துக்கும் கட்டம் கீறிப் புள்ளி போட்டன். எமில்ராஜுக்கு எண்பத்திரண்டு, சுஜீவனுக்கு நாப்பத்தேழு. அதோடை நிப்பாட்டியிருந்தா இண்டைக்கு இந்தக் கடிதம் இல்லை. ஆனால் ஒரு மனிசனை வீட்டுக்குள்ளை எடுக்கேக்கை கேக்கிற கேள்வியைக் கேக்காமல் விடேலுமோ? "தம்பி படிச்சது எந்தப் பள்ளிக்கூடம்?" எண்டு கேட்டன்.

எமில்ராஜ் சொன்ன பேரை நான் இதிலை எழுதேல்லை. எது எண்டு உமக்கு விளங்கும். எழுபத்தொன்பதாம் ஆண்டு கிரிக்கெட் மச்சிலை, கோட்டுக்குள்ளை நிண்ட என்னை ரன் அவுட் எண்டு வெளியிலை அனுப்பின பள்ளிக்கூடம். சுஜீவன் எங்கடை பள்ளிக்கூடம். சும்மா சொல்லேல்லை, பள்ளிக்கூடக் கீதத்தை எழும்பி நிண்டு ரண்டாம் சரணத்தோடை பாடிக் காட்டினவன். நானும் எழும்பிச் சேந்து பாடினன். பாடி முடியேக்கை ரண்டு வருச ஒப்பந்தத்திலை என்ரை கையெழுத்து இருந்தது.

எமில்ராஜ் வாசல் படலையடியிலை நிண்டு, "ஐயா, உங்கடை ஒழுங்கை வீடுகளுக்கு அவையின்ரை சிக்னல் காணாது, அங்காலை இருக்கிற பனங்கூடல் மறைக்குது, ஆரிட்டையும் கேட்டுப்போட்டு எடுங்கோ" எண்டு மரியாதையாத்தான் சொன்னவன். தோத்த ஆக்கள் கதைக்கிற கதை எண்டு நான் நினைச்சன். பக்கத்து வீட்டுப் பத்மாவதி அண்டைக்கே அவனைக் கூப்பிட்டு இணைப்பெடுத்தவ. எந்தப் பள்ளிக்கூடம் எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை. உப்பிடியும் சனம் இருக்குதே எண்டு அக்காவிட்டைச் சொல்லிச் சிரிச்சன். இப்ப நினைக்க என்ரை கன்னத்திலை நானே ரண்டு போடவேணும் போலை கிடக்கு.

முன்கூட்டிப் பரிசோதிக்கேல்லையோ எண்டு நீர் கேப்பீர். பரிசோதிச்சன். காலமை எனக்கு நானே ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினன், பின்னேரத்துக்கிடையிலை வந்து சேந்தது. திருப்தி எண்டு கோவையிலை குறிச்சன்.

சனிக்கிழமை உங்கடை மூண்டு மணி, எங்கடை பத்தரை. சபை ஆக்களும் அயலுமா நாப்பது பேர், வாடகைக் கதிரையிலை. அக்கா முன்வரிசையிலை, உமக்கெண்டு எடுத்துவைச்ச மாதிரியே தானும் ஒரு வெள்ளைச் சீலை கட்டிக்கொண்டு. திரையிலை போதகர் வந்தார், வாயைத் திறந்தார், திறந்தபடியே நிண்டிட்டார். சுஜீவனுக்குப் போன் அடிச்சன். "சேர், பெட்டியை உயரத்துக்குக் கொண்டுபோங்கோ" எண்டான். அலுமாரிக்கு மேலை வைச்சன். போதகர் வாயை மூடேல்லை. நீட்டு வயர் ஒண்டு கொழுவி, ஏணி வைச்சு, இந்த அறுபத்தாறு வயதிலை வீட்டு மேல்தட்டுக்கு ஏறி, பெட்டியை ரண்டு கையாலையும் தலைக்கு மேலை தூக்கிப் பிடிச்சன். "இன்னும் கொஞ்சம் கிழக்காலை" எண்டு கீழை இருந்து கத்திச்சினம். திரும்பினன். பிறகு ஒரு சத்தமும் இல்லை. சரி, படம் வந்திட்டுது, இனி அசையக்கூடாது எண்டு வெயிலுக்குள்ளை ஒண்டேகால் மணித்தியாலம் சிலை மாதிரி நிண்டன். என்ரை அக்கா பிள்ளையைப் பாக்கிறா எண்ட சந்தோசத்திலை கை நோகிறதே தெரியேல்லை, ரேச்சல்.

இறங்கி வந்தா போதகர் அதே வாயோடை நிக்கிறார். நாப்பது பேரும் கதிரையிலை குனிஞ்சபடி, எல்லாற்றை கண்ணும் சிவந்து கிடக்கு. ஒருத்தரும் என்னை நிமிந்து பாக்கேல்லை. "அக்கா" எண்டன். லேஞ்சியாலை வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள்ளை போனவதான். நேரத்துக்குச் சாப்பாடு மேசைக்கு வருது, கதை வாறேல்லை. அவ பேசினாலும் தாங்குவன். இந்த மௌனத்தைத் தாங்கேலாமல் இருக்கு. உம்மடை கலியாணம் இனி ஒருக்கால் நடக்காது, அதை நான் எந்தக் கோவையிலை திருத்தி எழுதுறது? என்னை மன்னியும். என்னை மன்னிக்கச் சொல்லி அவவிட்டையும் நீர் ஒரு வார்த்தை சொல்லும்.

ஆண்டவர் உங்கள் இல்லத்தைச் சமாதானத்தால் நிரப்புவாராக. மிஞ்சினால் இந்தப் பக்கமும் கொஞ்சம் அனுப்புவாராக.

இப்படிக்கு,
உம்மடை மாமா,
சிமியோன்.

பி.கு: எங்கடை இணைப்பிலை போகாது எண்டபடியால், இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உமக்கு அனுப்பச் சொல்லிப் பத்மாவதியின்ரை மகள் தர்சினியிட்டைக் குடுத்தன். வாசிச்ச பிள்ளை சிரிப்பை அடக்கேலாமல் எல்லாத்தையும் கக்கிப்போட்டுது. நான் மேல்தட்டிலை கிழக்காலை திரும்பின கையோடை, நாப்பது பேரும் என்ரை முதுகுப் பக்கத்து வேலியிலை இருந்த பொட்டு ஓட்டைக்குள்ளாலை பத்மாவதி வீட்டுக்குப் போய், அவவின்ரை ரீவியிலை உம்மடை கலியாணத்தைத் திருப்பிப் போட்டு முதலிலை இருந்து கடைசி மட்டும் பாத்து, அழுது, கேக்கும் திண்டு, நான் ஏணியிலை கால் வைக்கிறதைக் கண்டு ஓடிவந்து கதிரையிலை இருந்தவையாம். அவன் அவ்வளவு பாடுபட்டவன், ஒருத்தரும் சொல்லக்கூடாது எண்டு அக்காதான் கட்டளை போட்டவவாம். அவ பொய் சொல்லமாட்டா. வாயைத் திறந்தா உண்மை வந்திடும் எண்டுதான் பதினொரு நாளும் திறக்கேல்லை. உமக்கும் தெரியுமாம். ஆனபடியால் மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் திருப்பி எடுக்கிறன். இப்ப நான்தான் அக்காவோடை கதைக்கிறேல்லை. "தம்பி, தம்பி" எண்டு கதவடியிலை நிண்டு கூப்பிடுறா, நான் நிமிரேல்லை. இந்த ஒழுங்கையிலை உம்மடை கலியாணத்தைப் பாக்காதவன் நான் ஒருத்தன்தான். நீர் எப்பிடி உடுத்து வந்தனீர், சிரிச்சனீரோ அழுதனீரோ எண்டு எனக்கு விபரமாச் சொல்லச் சொல்லி அக்காவிட்டைச் சொல்லும். நான் கேட்டதெண்டு சொல்லவேண்டாம்.