வாய் திறந்தவர்கள் சொன்னது

“நாம எல்லாரும் எதுக்காக வாழறோம், சொல்லுங்க பார்ப்போம்?” என்று பல் டாக்டர் கேட்டபோது, தபால்காரரின் வாய்க்குள் ஒரு கண்ணாடியும், இரண்டு பஞ்சு உருண்டையும், எச்சில் உறிஞ்சும் குழாயும், டாக்டரின் இரண்டு விரல்களும் இருந்தன.

“ஆங்... ஊ... ஆங்” என்றார் தபால்காரர்.

“டாக்டர், என்ன கேக்கறீங்க?” என்றாள் சிஸ்டர்.

சிஸ்டர் என்றால், அந்தக் கிளினிக்கில் பதினோரு வருஷமாக டாக்டருக்கு வலது பக்கம் நிற்பவள். அவளுக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு என்பது சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் அவள் கணவனே ஒருநாள் நினைப்பில்லாமல் “சிஸ்டர், காபி இருக்கா?” என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

வாய் நிறையச் சாமானோடு மனிதர்கள் போடும் சத்தத்துக்கு அர்த்தம் சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ‘ஆங்’ என்றால் வலிக்கிறது. ‘ஊ’ என்றால் துப்ப வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் எப்போது முடியும் என்று கேட்கிறார்கள். டாக்டர் தன் காதை நம்புவதைவிட அவள் காதைத்தான் அதிகம் நம்புவார்.

“போன வாரம் தியான முகாமுக்குப் போனேன் இல்ல?” என்றார் டாக்டர், துளைக்கிற மெஷினைக் கையில் பிடித்தபடியே. “அங்க ஒரு குரு. வருஷா வருஷம் நாப்பது நாள் மௌன விரதம். பேசவும் மாட்டார், எழுதவும் மாட்டார். கையாலயே சொல்லுவார், பக்கத்துல இருக்கிற சீடர் அர்த்தம் சொல்லுவார். நான் என்ன தொழில் செய்யறேன்னு சொன்னதும் குரு எழுந்து நின்னுட்டார் சிஸ்டர். முன்னூறு பேர்ல என்னை மட்டும் கிட்ட கூப்பிட்டு, கண்ணுல தண்ணியோட கையைக் கையை ஆட்டினார். எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு.”

“சீடர் என்ன சொன்னார்?”

“‘உன் முன்னால வாய் திறக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் கேள், எதுக்காக வாழறோம்னு. பதில் தானா வரும்’னு சொன்னார். எனக்கு முன்னால யார் வாய் திறக்கிறாங்க? பேஷண்ட்தானே?”

அதை மறுக்க முடியாது. தபால்காரர் இவ்வளவு நேரமும் வாயைத் திறந்துகொண்டுதான் கிடந்தார்.

ஐம்பது வயது முடிந்ததிலிருந்தே டாக்டர் இப்படித்தான் இருந்தார். பிடுங்கிய பல்லைத் தட்டில் போட்டுவிட்டு, “இதெல்லாம் எதுக்கு?” என்று பெருமூச்சு விடுவார். இப்போது பதில் வராமல் மெஷினை இயக்குவதில்லை என்று நின்றுவிட்டார். வெளியே ஏழு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஏற்கெனவே இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டார்.

“மத்தவங்களுக்கு உதவி செய்யத்தான்னு சொல்றார் டாக்டர்” என்றாள் சிஸ்டர்.

தபால்காரரின் கண்கள் விரிந்தன. அவர் கேட்டது எப்போது முடியும் என்று மட்டும்தான்.

“ஆஹா!” என்றார் டாக்டர். மெஷின் ஓடியது. வேலை முடிந்தது. சிஸ்டர் நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

அந்த மூச்சு மறுநாள் காலை வரைக்கும்தான் தாங்கியது. மறுநாள் ஒரு பெண்மணியின் பல்லைப் பாதி துளைத்திருந்தபோது, ஜன்னல் வழியாக ஒரு பெரியவர் இரண்டு பைகளைத் தூக்க முடியாமல் நிற்பதை டாக்டர் பார்த்துவிட்டார். “உதவி!” என்று சொல்லிக் கையுறையோடு ஓடினார். பெரியவர் வீடு நாலாவது மாடி. டாக்டர் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் அந்தப் பெண்மணி ஈ புகுந்தாலும் தெரியாத அளவுக்கு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதை உடனே சரிசெய்ய வேண்டும் என்று சிஸ்டருக்குத் தோன்றியது. அடுத்து நாற்காலியில் படுத்தவர் தையல்கார அம்மா. கேள்வி வந்தது. “ஊ... ஊ” என்றார் அந்த அம்மா.

“செய்யற வேலையை அக்கறையா செய்யறதுக்குத்தான் வாழறோமாம் டாக்டர்.”

“எவ்வளவு பெரிய வார்த்தை!” என்று டாக்டர் கண்ணை மூடினார். அப்புறம் கண்ணைத் திறந்து, தையல்கார அம்மாவின் ஒரே ஒரு கடைவாய்ப் பல்லை இரண்டரை மணி நேரம் தேய்த்து மெருகேற்றினார். வெளியே காத்திருந்தவர்களில் மூன்று பேர் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். ஒருவருக்குக் காத்திருந்ததிலேயே வலி போய்விட்டது.

புதன்கிழமை கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் வந்தார். சிஸ்டர் நன்றாக யோசித்து, “ரொம்ப ஆராயாம மனசு சொல்றதைச் செய்யணும்னு சொல்றார்” என்றாள். வேகமாக வேலை நடக்கட்டும் என்பது அவள் எண்ணம்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். “எந்தப் பல்லுன்னு படம் பார்த்துத்தான் தெரியணுமா? மனசு சொல்லுது” என்று இடுக்கியை எடுத்துக்கொண்டு, இல்லாத நோவுக்காக ஒரு நல்ல பல்லை நோக்கிப் போனார். மாஸ்டர் தன் மாணவர்களுக்கு இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுத்த அத்தனை விதிகளையும் மீறி, கழுத்துத் துணியோடு ரோட்டில் குறுக்கே ஓடினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த கணவனிடம், “ஏங்க, நாம எதுக்காக வாழறோம்?” என்றாள் சிஸ்டர்.

“இப்போதைக்கு இந்த வாணலியோட அடிக் கரி போகணும்னுதான்” என்றான் அவன். “ஏன், யார் கேட்டா?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையில் சோப்பு நுரையோடு விழுந்து விழுந்து சிரித்தான்.

“சிரிக்காதீங்க. எனக்குள்ள உறுத்துது. நான் சொன்னது பொய்யா?”

“தபால்காரர் அதைச் சொன்னாரா?”

“இல்ல.”

“அப்போ பொய்தான்.”

“ஆனா உதவி செய்யணுங்கிறது உண்மைதானே? அக்கறையா வேலை செய்யணுங்கிறது உண்மைதானே?”

அவன் யோசித்தான். “உண்மையான விஷயத்தைப் பொய்யா சொல்லியிருக்கே. இது புதுசா இருக்கு. இதுக்கு என்ன பேர்னு தெரியலையே.”

அவளுக்கு ஓர் ஆசை பிறந்தது. நிஜமாகவே அந்த மனிதர்கள் என்னதான் சொல்லியிருப்பார்கள்? மறுநாள் காலை கிளினிக் வாசலில் கடிதம் கொடுக்க வந்த தபால்காரரைப் பிடித்துக்கொண்டு, “நிஜமா சொல்லுங்க, எதுக்காக வாழறோம்?” என்று கேட்டாள்.

“அட போங்க சிஸ்டர், இன்னும் மூணு தெரு பாக்கி இருக்கு” என்று அவர் சைக்கிளை மிதித்துவிட்டார். அதுதான் பதிலா, பதில் சொல்லாமல் தப்பித்தாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

உள்ளே போனதும் இந்தக் கூத்துக்கு ஒரேயடியாக முற்றுப்புள்ளி வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். அன்றைக்கு முதலில் வந்தவர் ஒரு கணக்கு டீச்சர். கேள்வி வந்தது. “ஆங்” என்றார் டீச்சர்.

“எல்லாத்தையும் விட்டுடணும்னு சொல்றாங்க டாக்டர். எல்லாத்தையும்!” என்றாள் சிஸ்டர் அழுத்தமாக. எல்லாவற்றோடு இந்தக் கேள்வியையும் விடுவார் என்பது அவள் கணக்கு.

டாக்டர் மெதுவாகக் கையுறையைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. “இதுதான் சிஸ்டர் நான் தேடின பதில். நாளையோட கிளினிக்கை மூடறேன். குருவோட ஆசிரமத்துக்குப் போயிடறேன்.”

சிஸ்டர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். பதினோரு வருஷ வேலை. வீட்டில் ஒழுங்காக வருகிற ஒரே சம்பளம் அவளுடையதுதான். கணவன் வேலை பார்த்த மரம் இழைக்கும் பட்டறை போன மாதம்தான் மூடியிருந்தது. அதனால்தான் அவன் வாணலி துலக்கிக்கொண்டிருக்கிறான். தன் வேலைக்குத் தானே வேட்டு வைத்துக்கொண்டோமே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கணக்கு டீச்சர்தான் கையை நீட்டி அவளுக்குப் பஞ்சு எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கதவு திறந்தது. வந்தவர் சாட்சாத் அந்தக் குருவேதான். ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. கூடவே நோட்டும் பேனாவுமாகச் சீடர்.

“நேத்துலேருந்து இப்படி வீங்கிடுச்சு” என்றார் சீடர். “இன்னிக்குப் பதினோரு மணியோட குருவுக்கு விரதம் முடியுது. நாப்பது நாளுக்கப்புறம் வரப்போற முதல் வார்த்தை! அதை எழுதி உலகத்துக்குச் சொல்லணும். அதுக்குள்ள வலி போகணும்.”

டாக்டருக்குக் கை கால் ஓடவில்லை. குருவை நாற்காலியில் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டார். கடைசிக் கடைவாய்ப் பல் சொத்தையாகி வேர் வரைக்கும் போயிருந்தது. இடுக்கியைப் பல்லில் பிடித்துக்கொண்டு, “குருவே, நான் இந்தக் கிளினிக்கை மூடிட்டு உங்ககூடவே வந்துடவா?” என்று கேட்டார்.

“ஊ... ஊ!” என்றார் குரு.

“‘வா மகனே’ என்கிறார்” என்று சீடர் எழுதிக்கொண்டார்.

“இல்ல. துப்பணும்னு சொல்றார்” என்றாள் சிஸ்டர்.

சீடர் அவளை முறைத்தார். “அம்மா, நான் பத்து வருஷமா குருவுக்கு அர்த்தம் சொல்றவன்.”

“நான் பதினோரு வருஷமா சொல்றேன்” என்றாள் சிஸ்டர். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. “டாக்டர், மன்னிச்சிடுங்க. இத்தனை வருஷத்துல எனக்குப் புரிஞ்சது மூணே விஷயம். வலிக்குது, துப்பணும், எப்ப முடியும். வேற யாரும் எதுவும் சொன்னதே இல்ல.”

டாக்டர் திருதிருவென்று விழித்தார். “உதவி செய்யணும்னு தபால்காரர்...”

“நான்தான்.”

“அக்கறையா வேலை செய்யணும்?”

“அதுவும் நான்தான்.”

“எல்லாத்தையும் விட்டுடணும்?”

“நீங்க கேள்வியை விடுவீங்கன்னு நெனச்சேன் டாக்டர். வேலையையே விடுவீங்கன்னு சத்தியமா நெனைக்கல.”

டாக்டர் இடுக்கியைப் பல்லிலிருந்து எடுக்காமலே அவளைப் பார்த்தார். கோபம் வந்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் முகத்தில் வந்தது ஏமாற்றம்.

“அப்போ அவங்க யாரும் எனக்குப் பதில் சொல்லல” என்றார் கடைசியில். “குரு சொன்னது ஒண்ணுதான் நிஜம். முன்னூறு பேர்ல என்னைத் தேர்ந்தெடுத்தாரே, அதுக்கு மேல என்ன வேணும்? நான் போகத்தான் போறேன் சிஸ்டர். சாவியைச் சாயங்காலம் கட்டிடச் சொந்தக்காரர்கிட்ட குடுத்துடுங்க.”

சொல்லிவிட்டு இடுக்கியை ஒரு திருப்புத் திருப்பி இழுத்தார். பல் கையோடு வந்தது. எத்தனை துக்கத்திலும் கை மட்டும் தவறவில்லை. மனுஷன் தொழிலில் அப்படி.

சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குருவுக்குத் தண்ணீர் டம்ளரை நீட்டினாள். அவர் கொப்புளித்தார், துப்பினார், மறுபடியும் கொப்புளித்தார். சுவர்க் கடிகாரம் பதினொன்றைத் தாண்டியது. சீடர் பேனாவைத் திறந்து தரையிலேயே மண்டியிட்டார். டாக்டர் கைகூப்பினார்.

குரு கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பல் இருந்த இடத்தை நாக்கால் தொட்டுப் பார்த்தார். முகமெல்லாம் நிம்மதி பரவ, டாக்டரைப் பார்த்து வாய் திறந்தார்.

“முகாம்ல நீங்க பல் டாக்டர்னு சொன்னதும் உங்களைக் கிட்ட கூப்பிட்டு, வலி தாங்காம அழுதுக்கிட்டே இந்தப் பல்லைத்தானேய்யா கையைக் கையை ஆட்டிக் காட்டினேன், இவன் உங்ககிட்ட என்னன்னு சொன்னான்?”