கடலடிக் கோட்டையைக் கோட்டை விட்ட கதை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே நான் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தேன். இனிமேல் இந்த வீட்டில் ஜனநாயகம்தான்!

அதுவரை என்ன ஆட்சி நடந்தது என்று கேட்காதீர்கள். கல்யாணமானவர்களுக்குத் தெரியும். ஆகாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேர் மேலே போவதும் கீழே வருவதும் என் கையில்தான் இருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் நான் தரைத்தளத்தோடு சரி. மேலே போகிற பொத்தானை எனக்கு யாரும் வைக்கவே இல்லை. என் மனைவி திரைச்சீலை தைப்பவள். வீடு, ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று எங்கே ஜன்னல் இருந்தாலும் அளவெடுத்து, வெட்டி, தைத்து, வளையம் கோத்துத் தொங்கவிட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

எங்களுக்குள் இருந்த ஒரே எல்லைத் தகராறு பின்னறை.

சின்ன அறைதான். ஒரே ஒரு ஜன்னல். தரையிலிருந்து கூரை வரைக்கும் என் பெட்டிகள். உள்ளே பொம்மைக் கட்டைகள். ஒன்றின் மேல் ஒன்றை டக்கென்று பொருத்திக் கப்பல், கோபுரம், ரயில் நிலையம் என்று எதை வேண்டுமானாலும் கட்டலாமே, அந்தக் கட்டைகள். சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். எங்களைப் போல வளர்ந்த பிள்ளைகளுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது.

என்னிடம் இருப்பதில் பெரும்பாலானவை 'கடலடிக் கோட்டை' வரிசை. ஆஹா, அது வரிசையா? காவியம்! கண்ணாடிக் கூண்டு, நீர்மூழ்கிக் கப்பல், முக்குளிக்கிற ஆட்கள், சுறா, ஆக்டோபஸ்! அப்பேர்ப்பட்ட வரிசையைக் கம்பெனிக்காரன் ஒரு நாள் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டான். வருஷங்கள் ஓடிவிட்டன. சங்கத்தில் எங்களுக்கு இன்னும் துக்கம் கலையவில்லை.

நிறுத்தப்பட்ட வரிசைக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. பெட்டியைத் திறக்கவே கூடாது. டேப் கிழிந்தால் மதிப்பு போச்சு. ஆகவே நான் ஒரு பெட்டியையும் திறந்ததில்லை. மாதம் ஒரு முறை தூசி தட்டுவேன். லேசாகக் குலுக்கிப் பார்ப்பேன். உள்ளே கலகல என்று சத்தம் கேட்கும். அதில் ஒரு சுகம்.

"விளையாடத்தானே வாங்கினீங்க?" என்பாள் மனைவி.

"ஆமா."

"விளையாடினீங்களா?"

"திறந்தாத்தானே விளையாடலாம்?"

"அப்போ ஏங்க திறக்கல?"

"திறந்தா கெட்டுப் போயிடும்."

இதற்குமேல் அவள் எதுவும் கேட்கமாட்டாள். என்னை ஒரு பார்வை பார்ப்பாள். ரிப்பேருக்கு வந்த லிஃப்டை நான் பார்க்கிற பார்வை அது.

அவளுக்கு அந்த அறை வேண்டும். துணி வெட்டுகிற நீள மேசை ஒன்று போட வேண்டும். இப்போது ஹால் தரையில்தான் துணியை விரித்து வெட்டுகிறாள். விரித்துவிட்டால் சோபாவிலிருந்து சமையலறைக்குப் போவதென்றால் நான் தவளையாக மாற வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. "முட்டி போட்டு முட்டி போட்டு என் முழங்கால் ரெண்டும் போச்சுங்க. இந்த மாசத்துக்குள்ள பின்ரூமைக் காலி பண்ணிக் குடுங்க" என்று அன்றைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டிகளைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது. நான் யாருக்கென்று அழுவேன்?

அப்போதுதான் ஜனநாயகம் என்ற யோசனை உதித்தது.

எங்கள் சங்கம் மாதம் ஒரு முறை கூடும். நிறுத்தப்பட்ட வரிசை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை ஏன் நிறுத்தினார்கள் என்று தொண்டை கிழிய வாதாடுவோம். முடிவில் கை தூக்கி ஓட்டு. சபை என்ன முடிவு செய்கிறதோ அதற்கு உறுப்பினர் அத்தனை பேரும் கட்டுப்பட்டே ஆக வேண்டும். அதுதான் சங்கத்து வழக்கம். இந்த மாதம் கூட்டம் என் வீட்டில். வாதம் முடிந்ததும், "இந்தப் பின்னறை காக்கப்பட வேண்டிய பொக்கிஷம்" என்று ஒரு தீர்மானம் போட்டுவிட்டால்? ஓட்டுப் போடப்போவதெல்லாம் நம்ம ஆட்கள்!

உடனே சங்கத்து ஆட்கள் மூன்று பேருக்கும் போன் போட்டேன்.

"உங்க ரூமுக்கு ஒரு ஆபத்துன்னா அது எங்க ரூமுக்கு வந்த ஆபத்து" என்றார் பல் டாக்டர். அவர் வீட்டிலும் இதே தகராறு.

"நான் இருக்கேன், கவலையை விடுங்க" என்றார் பஸ் டிரைவர்.

"தீர்மானத்தை எழுத்துப் பிசகாம நானே வாசிக்கிறேன்" என்றார் கணக்கு வாத்தியார். ரிட்டையர் ஆனபிறகு அவருக்கு மிரட்ட எங்களை விட்டால் ஆள் இல்லை. அதனால் அவரையே சங்கத்துக்கு நடுவராக வைத்திருந்தோம்.

பிறகு மனைவியிடம் போனேன். குரலைக் கனமாக்கிக்கொண்டேன்.

"இதோ பாரு, பின்ரூம் விஷயத்தை நாம ரெண்டு பேரும் பேசிப் பேசித் தீரல. சாயங்காலம் சங்கத்துக்காரங்க வர்றாங்க. பொதுவான மனுஷங்க. அவங்க சொல்றதை ரெண்டு பேரும் கேட்டுக்குவோம். என்ன சொல்ற?"

"யாரு, அந்தக் கட்டையில போறவங்களா?"

"கட்டைச் சங்கம்னு சொல்லு!"

"சரிங்க. அவங்க என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கறேன். நீங்களும் கேட்டுக்குவீங்களா?"

"சத்தியமா."

"எனக்கு ஓட்டு உண்டா?"

"உறுப்பினருக்கு மட்டும்தான்."

"பேசலாமா?"

"தாராளமா பேசு. பேச்சுரிமை எல்லாருக்கும் உண்டு."

"அது போதும்" என்றாள்.

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஒரு பெண்பிள்ளை பேச மட்டும் விட்டால் போதும் என்று சொன்னால், அந்த இடத்தை விட்டு ஓடிவிடுவதுதான் நல்லது. எனக்கு அது உறைக்கவில்லை. உள்ளுக்குள் வெற்றி விழாவே நடத்திக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கூட்டம் களை கட்டியது. நடுவர் ஒரு சிவப்புக் கட்டையால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இன்றைய கேள்வி: கடலடிக் கோட்டையை ஏன் நிறுத்தினார்கள்? டாக்டர், நீங்க ஆரம்பிங்க."

"விலைதான் சார் காரணம்! ஆக்டோபஸ்னு போட்டு வித்தான். பெட்டிக்குள்ள ஏழு கைதான் இருந்துச்சு. எட்டாவது கையைத் தனிப் பெட்டியில போட்டுத் தனி விலைக்கு வித்தான். எந்தத் தகப்பன் வாங்குவான்?"

"விலை இல்ல, மூஞ்சி!" என்று டிரைவர் குதித்தார். "முக்குளிக்கிறவன் ஒவ்வொருத்தனுக்கும் ஒரே சிரிப்பு. பின்னால சுறா தொரத்துது, இவன் ஈன்னு இளிச்சுக்கிட்டு நிக்கிறான். பாக்கறவங்களுக்குக் கோவம் வராதா?"

"சிரிப்பைக் குறை சொல்லாதீங்க. பல்வரிசை அம்சமா இருந்துச்சு" என்றார் டாக்டர்.

"உங்களுக்கு எங்க பாத்தாலும் பல்லு!"

"உங்களுக்கு எங்க பாத்தாலும் ஹாரன்! கத்தாதீங்க!"

நடுவர் கட்டையால் தட்டோ தட்டு என்று தட்டினார்.

என் மனைவி ஓரமாக உட்கார்ந்து ஒரு திரைச்சீலைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். சண்டை கொஞ்சம் அடங்கியதும் ஊசியை நிறுத்தினாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா சார்?"

"கேளும்மா."

"எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆனா இதுல வாதாட என்ன இருக்கு? அந்தக் கோட்டை யாருக்கும் பிடிக்கல. அதனால நிறுத்திட்டாங்க. அவ்வளவுதானே?"

டாக்டர் டீயை விழுங்க மறந்தார். எனக்கு உச்சந்தலையில் ஜிவ்வென்று ஏறியது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், கடலடிக் கோட்டையைப் பிடிக்காதா? தப்பான தகவல் காதில் விழுந்தபிறகு சும்மா உட்கார்ந்திருக்க நான் என்ன மரக்கட்டையா?

"தப்பு!" என்று எழுந்தேன். "முழுத் தப்பு! அது எல்லாருக்கும் பிடிச்ச வரிசை. பிள்ளைங்க கடையில அழுது புரண்டுச்சுங்க!"

"பிடிச்சிருந்தா ஏங்க நிறுத்தப் போறாங்க? பிடிச்சதைப் போய் யாராவது வெளியே அனுப்புவாங்களா?"

"அங்கதான் நீ கோட்டை விடற! பிடிக்கிறது வேற, இடம் வேற! கடைக்காரன் அலமாரி என்ன ரப்பரா, இழுத்தா நீள? இருக்கற இடம் அவ்வளவுதான். அதுல ஒரு பெட்டி வந்து உக்காந்துக்கிட்டு அசைய மாட்டேங்குதுன்னு வை. மாசக்கணக்கா அப்படியே இருக்கு. தூசி மட்டும்தான் ஏறுது. என்ன பண்ணணும்?"

"பாவம், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுடலாமே?"

"விடக் கூடாது! அசையாத பெட்டி அலமாரிக்குப் பாரம்! வெளியில வேலைக்கு ஆகற புதுச் சரக்கு இடமில்லாம வாசல்ல நிக்குது. அதோட வயித்துல அடிக்கலாமா?"

"ஆனா அது மேல ஆசை வெச்சவங்க மனசு?"

"ஆசைய வெச்சு அலமாரி நடத்த முடியாதும்மா! எவ்வளவு ஆசையா இருந்தாலும் அசையாத பொருளை எடுத்து ஓரங்கட்டிட்டு, உழைக்கிற பொருளுக்கு இடம் குடுக்கறவன்தான் புத்திசாலி."

"அப்போ கம்பெனி நிறுத்தினது தப்பே இல்லைங்கறீங்க?"

"தப்பே இல்ல! நான் மட்டும் முதலாளியா இருந்திருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே காலி பண்ணியிருப்பேன்!"

டிரைவர் விசில் அடித்தார். டாக்டர் எழுந்து நின்று கை தட்டினார். சங்கத்து வரலாற்றிலேயே இப்படி ஒரு பேச்சு நடந்ததில்லை. எனக்கே மெய்சிலிர்த்துவிட்டது.

"என்னவோ போங்க. நீங்க சொல்றதை நான் நம்ப மாட்டேன்" என்று மனைவி உதட்டைப் பிதுக்கினாள். "சபை சொல்லட்டும்."

"சார், ஓட்டுக்கு விடுங்க! இப்பவே விடுங்க!" என்றேன் நான்.

நடுவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்: "இடத்தை அடைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும் பெட்டி, எவ்வளவு ஆசைக்குரியதாக இருந்தாலும், அதைக் காலி செய்துவிட்டு உழைக்கிற பொருளுக்கு இடம் கொடுப்பதே முறை. ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம்."

எல்லாக் கைகளும் எழுந்தன. முதலில் எழுந்தது என் கை. ஆர்வத்தில் இரண்டு கையையும் தூக்கியிருந்தேன்.

"ஒருமனதாக நிறைவேறியது!" என்று கட்டை தட்டினார்.

"சார், சபைத் தீர்ப்புக்கு உறுப்பினர் கட்டுப்படணும் இல்லையா?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"கட்டாயம்மா. அதுதான் சங்கத்து வழக்கம்."

"அப்போ பின்ரூம்?"

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. என்னுடையவை மட்டும் மேலேயே நின்றுவிட்டன, கரண்ட் போன லிஃப்ட் மாதிரி.

"அது வேற, இது வேற!" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கடையில அலமாரி, வீட்டுல ரூம். கணக்கு ஒண்ணுதானேப்பா?" என்றார் வாத்தியார்.

டாக்டரைப் பார்த்தேன். அவர் காலி டீக் கோப்பைக்குள் எதையோ தேடினார். டிரைவரைப் பார்த்தேன். "அண்ணி கேக்கறதும் நியாயமாத்தான் இருக்கு" என்றார். எல்லாருக்கும் திருப்பம் வந்தால்தான் பஸ் திரும்பும். இவருக்கு மட்டும் எங்கே வேண்டுமானாலும் திரும்பும்.

நான் அடுத்த வாதத்தைத் தேடுவதற்குள் வாசல் மணி அடித்தது. ஆசாரி நின்றார். அவர் பின்னால் இரண்டு ஆட்கள். அவர்கள் தோளில், நீளமான, புத்தம் புதிய மேசை.

"எந்த ரூம்மா?"

"நேரா போய்க் கடைசி ரூம். பெட்டியெல்லாம் பாத்து எடுங்க, டேப் கிழியாம" என்றாள் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "மூஞ்சியை அப்படி வெச்சுக்காதீங்க. மேசைக்கு அடியில தட்டு அடிக்கச் சொல்லியிருக்கேன். உங்க கோட்டை அங்க இருக்கட்டும்."

அப்படியாகக் கடலடிக் கோட்டை அன்றைக்கு மேசையடிக் கோட்டை ஆயிற்று. எனக்கு அழுகையும் வந்தது, நன்றியும் வந்தது. அதற்குள் ஒரு சந்தேகமும் வந்தது.

"ஏம்மா, இப்பதானே ஓட்டு எடுத்தோம்? அதுக்குள்ள மேசை எப்படி வந்துச்சு?"

"போன மாசமே சொல்லி வெச்சதுங்க."

"ஓட்டு என் பக்கம் விழுந்திருந்தா?"

"எப்படி விழும்?" என்று சிரித்தாள். "யாராவது ஒண்ணு தப்பா சொல்லிட்டா, அதைத் திருத்தாம உங்களால ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாதே."

"தப்பு!" என்று கத்தினேன்.