வின்ச் மாமுவின் ஊமைப் பேய்

சூடான பல்பின் மேல் தூசி கருகும் வாசனை எங்கே வந்தாலும், எனக்குப் பக்கத்தில் ஒரு பேய் வந்து உட்கார்ந்துவிடுகிறது. போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் படம் எடுப்பவர் பெரிய விளக்கைப் போட்டார். அந்த வாசனை வந்தது. எல்லோரும் மணமேடையைப் பார்த்தார்கள். நான் மட்டும் காது இரண்டையும் பொத்திக்கொள்ளத் தயாரானேன்.

பேயைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், விரட்டியவர்கள் இருக்கிறார்கள். ஒரு பேயை வீட்டில் வைத்து வாரம் தவறாமல் வேலை வாங்கியவர், எனக்குத் தெரிந்து, ராயபுரத்து வின்ச் மாமு ஒருவர்தான்.

அறுபதுகளின் கடைசியில் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. ராயபுரத்தில் மாமு வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். அவர் துறைமுகத்தில், கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுபவர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டாலும் அவர் திரும்பியிருக்க மாட்டார்.

வின்ச் ஓட்டுபவருக்குக் கப்பலின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது. விளிம்பில் நிற்கும் ஆளின் கையைப் பார்த்துத்தான் சரக்கைத் தூக்க வேண்டும். விரலை நீட்டிச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் இறக்கு. கையை மூடினால் நிறுத்து. அந்த இரைச்சலில் வாய்க்கு வேலை இல்லை. மாமு இந்தப் பழக்கத்தை வேலை முடிந்து வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். சாப்பிடும்போது விரல் சுழன்றால் இன்னும் குழம்பு. கோயிலில் பாதிரியாரின் பிரசங்கம் நீண்டுகொண்டே போனால், மாமுவின் மூடிய கை மடியிலிருந்து மெல்ல எழும்பும். பக்கத்தில் இருக்கும் பிலோ அக்கா அதைப் பிடித்துக் கீழே அழுத்திவிடுவார்.

பிலோ அக்கா மாமுவின் மனைவி. காசிமேட்டில் மீன் ஏலம் கூறுகிறவர். அவர் குரலைப் பற்றி ஒன்றுதான் சொல்ல முடியும்: படகு கரைக்கு வருமுன்பே விலை படகுக்குப் போய்விடும்.

பேய் வந்தது ஒரு கிரேக்கக் கப்பலில். அந்தக் கப்பலின் சமையல்காரருக்கு, அக்கா வைத்த நண்டுக் குழம்பைத் தூக்குச்சட்டி நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தார் மாமு. பதிலுக்கு ஒரு பழைய புரொஜெக்டரும், தகர டப்பாக்களில் ஒரு படமும் கிடைத்தன. அவை துறைமுகத்து கேட்டைத் தாண்டி எப்படி வெளியே வந்தன என்பதை மாமு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார். ஒரு கதையில் புரொஜெக்டர் அவர் தலைப்பாகைக்குள் இருந்தது.

படத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. பெயர் வரும் துண்டு எப்போதோ கிழிந்துபோயிருந்தது. கடலோரம் ஒரு கலங்கரை விளக்கு. அதற்குத் தனியாக ஒரு காவல்காரன். கடலோடு போன அவன் மனைவி, பனி இறங்கும் ஒரு நாளில், சொட்டச் சொட்டப் படியேறி வருகிறாள். மேல்படிக்கு வந்ததும் வாயை அகலத் திறக்கிறாள். கதவின் தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டுகிறாள். அங்கே படம் அறுந்துவிடும். கடைசித் துண்டும் கிடையாது. பிறகு வெறும் வெள்ளை வெளிச்சம்தான். புரொஜெக்டரில் சத்தம் வருகிற பகுதியும் செத்திருந்தது. ஊமைப் பேய், முடிவில்லாத பேய்.

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் தெருவே மாமுவின் முற்றத்தில் உட்கார்ந்துவிடும். கோதுமை மாவு மூட்டைகளைப் பிரித்து அக்கா தைத்ததுதான் திரை. எத்தனை துவைத்தும் போகாத நீல எழுத்துகள் அதில் இருந்தன. பேய் கீழ்ப்படியில் நின்றால் கன்னத்தில் ஓர் எழுத்து, மேல்படிக்கு வந்தால் நெற்றியில் இரண்டு. அது பேயின் சொந்த ஊர்ப் பெயர் என்று எதிர்வீட்டு ஐஸ்காரர் நிச்சயமாகச் சொல்வார். ஐஸ் ஃபாக்டரியில் வேலை, ஆகவே குளிர்ந்த சமாச்சாரம் எல்லாவற்றிலும் அவர் சொல்வதுதான் முடிவு.

கதையை மாமு சொல்வார். பேய்க்குக் குரல் பிலோ அக்கா. திரைக்குப் பின்னால் நின்றுகொள்வார். பேய் வாயைத் திறக்கும் நேரத்தில் மாமு தன் கையைப் புரொஜெக்டரின் வெளிச்சத்துக்குள் நீட்டி விரலைச் சுழற்றுவார். கலங்கரை விளக்கின் மேல், வானத்தில், ஒரு பிரம்மாண்டமான கறுப்புக் கை தோன்றி, தூக்கு, தூக்கு என்று சுற்றும். அந்தக் கையும் படத்தில் உள்ளதுதான், கடவுளுடையது என்று நம்பிப் போனவர்கள் உண்டு. உடனே அக்கா கத்துவார். என்ன சொல்ல. ரயில்வே யார்டில் ஷண்டிங் நின்றுவிடும். பசித்த பூனைகள் பசியை மறக்கும்.

"வாரம் பூரா மீனுக்காவக் கத்துறேன் தம்பி. சனிக்கெழம ஒரு தபா எனக்காவக் கத்துறேன்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அன்றைக்கு அவர் முகம் கழுவின மாதிரி இருந்தது.

அக்கா பின்னால் நின்று பார்ப்பதால் ஒரு சண்டையும் நிரந்தரமாக இருந்தது.

"யோவ், பேயி பீச்சாங்கையால தாப்பாளத் தொடுது."

"கண்ணு அவிஞ்சு பூச்சா ஒனக்கு? சோத்தாங்கைம்மே."

"நான் கிட்டக்க நின்னு பாக்குறேன். நீ தூரத்துல குந்திகினு பேசுற."

திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தால் இடம் வலமாகத்தான் தெரியும் என்று நான் ஒருநாள் விளக்கப் போனேன். சண்டை தீர்ந்துவிடப் போகிறதே என்ற கவலையில் இருவரும் ஒரே குரலில், "நீ சும்மா இரு நைனா" என்றார்கள்.

படம் முடிந்ததும் எல்லோரும் உதறிக்கொண்டு எழுந்து, கதவு திறந்ததா இல்லையா என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். திறந்திருக்கவே மாட்டான் என்பார் ஐஸ்காரர். அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. "உள்ள பூந்து அந்தாள நாலு கேள்வி கேட்டுட்டு, அப்பால சோறு போட்டுருப்பா."

மாமு மட்டும் பேச மாட்டார். தூக்கிய சரக்கு தரையைத் தொடும் சத்தம் கேட்காமல் கைப்பிடியை விடாத மனிதர் அவர். இந்தப் பேயோ வருஷக்கணக்காக அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் சில நாள் காலையில் பல் துலக்கும்போதே என்னிடம் கேட்பார்: "தொறந்திருப்பானா நைனா?"

எழுபதுகளில் ஒருநாள், கப்பலில் வந்த வெளிநாட்டுச் சாமான் விற்கும் பர்மா பஜார் கடைக்காரர் ஒருவர் மாமுவுக்கு ஆள் அனுப்பினார். நானும் போனேன், டப்பாவில் உள்ள இங்கிலீஷைப் படிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"மாமு, ஒன் பேயி வந்துக்குது" என்றார் கடைக்காரர். "புதுசு. ஒரு கீறலு கெடையாது. பேசுது, தெரியுமா?"

வீட்டில் போட்டுப் பார்ப்பதற்கென்றே புதிதாக எடுத்த பிரதி. முதலிலிருந்து முடிவு வரை, ஒரு துண்டும் விடாமல். அட்டைப் பெட்டியின் மேல் நம்முடைய பேய் பச்சை நிறத்தில், உதட்டுச் சாயத்தோடு. மேலே பெரிய எழுத்தில் பெயர். படித்துச் சொன்னேன்.

"நம்ப பேயிக்கு இவனுங்க யாரு பேரு வெக்கிறதுக்கு" என்றார் மாமு.

பெட்டியின் பின்பக்கம் கதை முழுவதையும் அச்சடித்திருந்தார்கள். சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். படியேறுகிறாள், தாழ்ப்பாளைத் தொடுகிறாள் என்றதும் கிரீஸ் வாசனை வீசும் ஒரு கை என் வாயைப் பொத்தியது. "அத்த படத்துல பாத்துக்கலாம்." அதற்குள் என் கண்கள் கடைசி வரியைத் தாண்டிவிட்டன.

பழைய புடவைக்குப் பாத்திரம் போடுகிற மாதிரி பேரம். பழைய படமும் மாமுவின் ட்ரான்சிஸ்டரும் கடைக்காரருக்கு. புதுப் படம் மாமுவுக்கு. புரொஜெக்டரில் சத்தம் வருவதற்கான சின்ன பல்பையும் கொடுப்பார். பழைய படங்களாகச் சேர்க்கும் ஒரு பெரிய மனிதர் மவுண்ட் ரோடு பக்கம் காத்திருக்கிறாராம். சனிக்கிழமை ஓட்டிப் பார், பிடித்தால் திங்கட்கிழமை பழசைக் கொண்டு வா என்று படத்தையும் பல்பையும் நம்பிக்கையின் பேரில் கொடுத்தனுப்பினார்.

வீட்டில் அக்கா மீன் செதில் சீவிக்கொண்டிருந்தார். "இன்னாய்யா அது?"

"நம்ப பேயிதான். புதுசு. வாயத் தொறந்தா அதுவே கத்துமாம். கடைசி வரைக்கும் கீதாம்."

கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது.

"நல்லதாப் பூச்சு. எனக்கும் தொண்ட நோவுது. வாங்கிக்க."

"மெய்யாலுமா சொல்ற?"

"பின்ன? காலம் பூரா நானே கத்திகினு இருக்கணுமா? நானும் ஒரு நாளு முன்னாடி குந்தி வேர்க்கல்ல துன்னுகினு பாக்குறேன்."

அந்த வாரம் மாமு குழம்பே கேட்கவில்லை. சோற்றின் மேல் விரல் நீண்டிருக்கும், சுழலாது. ஒரு கையில் பழைய டப்பா, ஒரு கையில் புது டப்பா வைத்துக்கொண்டு எடை பார்ப்பதுபோல முற்றத்தில் நின்றார். "நீ இன்னா சொல்ற நைனா?" என்று கேட்டார். முடிவு வேண்டுமென்றால் வாங்குங்கள் என்றேன். "முடிவு வோணும்" என்றார். அக்கா இருந்த திசையைப் பார்த்தார்.

சனிக்கிழமை வந்தது. பல்பில் தூசி கருகியது. அக்கா முதல் வரிசையில், மடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு, யாரோ வீட்டு விசேஷத்துக்கு வந்தவரைப்போல உட்கார்ந்திருந்தார்.

பழைய படத்தில் எப்போதும் மழை பெய்துகொண்டிருக்கும், அத்தனையும் கீறல். புதியதில் வானம் பளிச்சென்று வெளுத்திருந்தது. பேய் நனைந்திருப்பதற்குக் காரணமே இல்லாமல் போய்விட்டது. காவல்காரன் இங்கிலீஷில் பேசினான். கதை சொல்ல வாயெடுத்த மாமுவை நாலு பேர் "உஷ்" என்றார்கள்.

"இன்னாய்யா, படிக்கட்டு அந்தாண்ட பூடுச்சு?" என்றார் அக்கா. சற்றுப் பொறுத்து, தணிந்த குரலில், "ஆமா, சோத்தாங்கைதான்" என்றார். இத்தனை வருஷச் சண்டையில் ஜெயித்த மாமு, தோற்றவரைப்போல நின்றார்.

பேய் மேல்படிக்கு வந்தது. வாயை அகலத் திறந்தது.

பாடியது.

குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி ஒரு பாட்டு. மெல்ல, ராகமாக, கடல் காற்றோடு.

"இன்னாபா இது, பாடிகினு வருது" என்றார் ஐஸ்காரர். "இதுக்கா இத்தினி வருசம் பயந்துகினு இருந்தோம்?" முற்றத்தில் சிரிப்பு பரவியது. அக்கா சிரிக்கவில்லை. உரித்த கடலையை வாயில் போடாமல் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வானத்தில் அந்தக் கை தோன்றியது.

புதுப் படத்தின் வெளுத்த வானத்தில், கலங்கரை விளக்கின் உச்சிக்கு மேல், கறுப்பாக, பெரிதாக. விரல் நீண்டது. சுழன்றது. தூக்கு.

அக்கா திரையைப் பார்த்தார். திரும்பி மாமுவைப் பார்த்தார். விரல் விடாமல் சுழன்றது. தூக்கு, தூக்கு.

அக்கா கடலையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார். அந்தக் கத்தலில் பேயின் பாட்டு இருந்த இடம் தெரியவில்லை. ஐஸ்காரர் உட்கார்ந்திருந்த பலகையோடு பின்னால் சாய்ந்து விழுந்தார். எங்கோ ஒரு சைக்கிள் விழுந்தது. பிறகு முற்றம் முழுக்கக் கைதட்டல், சர்ச் மணி அடித்த மாதிரி.

திரையில் பேயின் கை தாழ்ப்பாளைத் தொட்டது. கதவு அசையப் போகிற நேரம். வானத்துக் கை மூடிக்கொண்டது. நிறுத்து. மாமு விளக்கை அணைத்துவிட்டார்.

"மாமு, கடைசித் துண்டு கீதே" என்றார் தரையிலிருந்து ஐஸ்காரர்.

"நம்ப படத்துல ஏது கடைசித் துண்டு? எழுந்து வூட்டுக்குப் போ."

திங்கட்கிழமை புது டப்பாவையும் பல்பையும் திருப்பிக் கொடுத்தோம். "இன்னா மாமு, பிரிண்ட்டு செரியில்லியா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"பிரிண்ட்டு ஷோக்கா கீது. பேயிதான் சுமாரு."

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. புறப்படும் நாளில் ரிக்‌ஷாவில் பெட்டியையும் என்னையும் ஏற்றிவிட்டு மாமு கைப்பிடியருகே நின்றார். அக்கா நெத்திலிக் கருவாடு கட்டித் தருவதாக உள்ளே போயிருந்தார். மாமு வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"அந்தப் பொட்டி பின்னாடி, நீ கடைசி வரைக்கும் படிச்சல்ல?"

"படிச்சேன் மாமு."

அவருடைய உள்ளங்கை கவிழ்ந்திருந்தது. தன்னையறியாமல் லேசாக ஆடியது. இறக்கு, மெதுவாக இறக்கு.

"அவன் கதவத் தொறந்தானா?"

"தொறந்தான் மாமு."

கை நின்றது. மெல்ல மூடிக்கொண்டது. வெகுநாளாகத் தொங்கிய ஏதோ ஒன்று தரையைத் தொட்ட சத்தத்தைக் கேட்பவர்போலத் தலையைச் சாய்த்து நின்றார். அக்கா பொட்டலத்தோடு வந்து என் மடியில் வைத்தார். ரிக்‌ஷா நகர்ந்தது. மாமு கூடவே நாலடி ஓடிவந்து என் காதருகே சொன்னார்:

"அவகிட்ட சொல்லிடாத நைனா. மெய்யாலுமே தொறந்தான்னு தெரிஞ்சா சனிக்கெழம கத்த மாட்டா."