முனியப்பன், த/பெ தெரியவில்லை

மெஷின் சைபர் காட்டியது. எஸ்.எஸ்.ஐ. ராசாங்கம் அதை ஒரு தட்டுத் தட்டி மறுபடி ஊதச் சொன்னார். மறுபடியும் சைபர். ஆனால் வேனை ஓட்டி வந்து ஊதிய உத்திராபதியின் கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தன. அவன் சட்டையில் அடித்த கஞ்சா வாடையில், அரியலூர் சாலையின் சிமெண்ட் லாரிப் புழுதிகூடச் சற்று ஒதுங்கியே போனது.

"விட்டுடலாமா?" என்று கான்ஸ்டபிள் கலையரசியிடம் கேட்டார்.

"இந்த மெஷின் சாராயத்தைத்தான் புடிக்கும் சார். கஞ்சா அடிச்சிட்டு ஓட்டுனாலும் அதே நூத்தியெண்பத்தஞ்சு செக்‌ஷன்தான். போன மாசமும் சைபர்னு ஒருத்தரை விட்டீங்க. அவரு நேராப் போயி டீக்கடைக்குள்ள வண்டிய வுட்டாரு."

அதற்கு ராசாங்கத்துக்கு ஒரு மெமோ வந்திருந்தது. ஓய்வுபெற இன்னும் ஐந்து மாதம். இரண்டாவது மெமோ வந்தால் பென்ஷன் ஃபைல் நகராது. விட்டாலும் மெமோ, தப்பாகக் கேஸ் போட்டாலும் மெமோ.

வேனிலிருந்து அரியமுத்து இறங்கி வந்தார். உத்திராபதியின் மனைவிக்கு அண்ணன். உடையார்பாளையத்தில் முந்திரி வியாபாரம். கேட்ட விலையைக் கொடுத்து எதையும் வாங்கிப் பழக்கமில்லாதவர்.

"வாலிகண்டபுரம் பக்கம் எங்க கொலசாமி முனியப்பனுக்குப் படையல் போட்டுட்டு வரோங்க. மாப்ளதான் சாமியாடி. சுருட்டுல கஞ்சா வச்சுக் குடுக்கறது வழக்கம். குடிச்சது சாமி. மாப்ள பச்சத்தண்ணி."

"வாய் யாரு வாய்?"

"வாய் மாப்ளையோடதுதான். வாடகைக்கு வுட்ட மாதிரி வச்சுக்குங்க. சாமி ஒடம்ப வுட்டு மலையேறுனா போதையும் கூடவே ஏறிடும்."

உத்திராபதி சாலைக்கு அப்பால் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான்.

"இவரு குடிச்சதைப் பாத்த சாட்சி இருக்கா?" என்றார் ராசாங்கம் தந்திரமாக.

பதினான்கு பேர் இறங்கினார்கள். மூன்று சுருட்டு என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருவர் மட்டும் நாலு என்றார். முப்பத்தைந்து வருட சர்வீசில் ராசாங்கத்துக்கு இப்படிச் சாட்சி வாய்த்ததில்லை. எழுதி முடித்துப் படித்தபோதுதான் தெரிந்தது, பதினான்கு வாக்குமூலத்திலும் குடித்தவர் பெயர் முனியப்பன். தகப்பன் பெயர் தெரியவில்லை. வயது தெரியவில்லை. நிரந்தர முகவரி, ஏரிக்கரை வேப்பமரத்தடி.

"சம்மன் வந்தா யாரு சார் கொண்டுபோயிக் குடுக்கறது?" என்றாள் கலையரசி.

"சரி, கஞ்சா யாரு வாங்குனது?"

பதினான்கு பேரும் வேனில் ஏறிக்கொண்டார்கள்.

பிடித்த இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டாவிட்டால் ஆளை விட்டாக வேண்டும். ராசாங்கம் வேனோடு எல்லோரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வேனை ஓட்டியவள் கலையரசி.

"ரத்தம் எடுத்தாச்சு. ரிசல்ட் வர பத்து நாளாகும்," என்றார் டாக்டர் சகாய ஆனந்த். "கஞ்சா இருந்தாத் தெரியும். உள்ள இருந்தது சாமியா ஆளான்னு தெரியாது. நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரன், அந்த டிபார்ட்மெண்ட் எனக்குப் பழக்கமில்ல. இப்போதைக்குத் தள்ளாட்டம் இருக்கான்னு பாப்போம். ஒத்தக்கால்ல நில்லுங்க."

உத்திராபதி நின்றான். டாக்டர் இரண்டு நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்தார். நின்றான். டீ குடித்துவிட்டு வந்தார். நின்றான்.

"தள்ளாட்டம் இல்லை," என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ராசாங்கம்தான் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கலங்காதே," என்றான் உத்திராபதி, ஒற்றைக் காலிலேயே.

"பாருங்க டாக்டர், போலீசை 'நீ'ங்கறான். இது போதையேதான்."

"மரியாதைக்கு டெஸ்ட் கிடையாதுங்க," என்றார் டாக்டர்.

அரியமுத்து ராசாங்கத்தை வராண்டா ஓரமாகக் கூட்டிப்போனார். "சார், ரெண்டு பேரும் கொஞ்சம் எறங்கி வருவோம். சீட் பெல்ட் போடலைன்னு எழுதிக்குங்க."

"கஞ்சாவுக்கு சீட் பெல்ட்டா?"

"ஆஸ்பத்திரி வாசல்ல ஹாரன் அடிச்சதையும் சேத்துக்குங்க. அதுக்கு மேல கட்டுப்படியாகாது."

"ஹாரன் அடிச்சது எங்க கான்ஸ்டபிளுய்யா."

"சரி, அதைத் தள்ளிடுங்க. சீட் பெல்ட் மட்டும் முடிச்சுக்குவோம்."

ராசாங்கம் யோசித்தார். குடித்தது சாமி. அது மலையேறிவிட்டது. ஓட்டியவன் வேறு ஆள், அவன் தள்ளாடவில்லை என்று டாக்டர் கையெழுத்தே இருக்கிறது. நாளைக்கு ரத்தத்தில் கஞ்சா வந்தாலும் அது சாமி விட்டுப்போன மிச்சம். இதற்கு மெமோ கொடுப்பதென்றால் முனியப்பனுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

உட்கார்ந்து எழுதினார்: 'மேற்படி முனியப்பன் வாலிகண்டபுரத்திலேயே மலையேறிவிட்ட பிறகு, மேற்படி உத்திராபதி சுயநினைவுடன் வேனை ஓட்டி வந்தார் என்பதை நேரில் விசாரித்து உறுதி செய்துகொண்டேன்.' கையெழுத்துப் போட்டு, அதைப் போனில் படமெடுத்து இன்ஸ்பெக்டருக்கும் அனுப்பினார். நீல டிக் விழுந்தது. பென்ஷன் ஃபைல் மெல்ல நகர்வதுபோல் இருந்தது.

"பாத்துப் போப்பா," என்று வேன் சாவியை உத்திராபதியிடம் நீட்டினார்.

அதுவரை பொங்கல் பானையை மடியில் வைத்துக்கொண்டு வேனிலேயே உட்கார்ந்திருந்த அவன் மனைவி இருசம்மாள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"சாவியை அதுகிட்டக் குடுக்காதீங்க சார். மழை வருதுன்னு கற்பூரம் காட்டி மலையேத்தாமலே கெளம்பிட்டோம், இம்புட்டுத் தூரம் ஓட்டிட்டு வந்ததே சாமிதான்."